மல்ட்டி டூலா, சாண்டரா? டெல்டா வீட்டு மரவேலைக்கு எதை வாங்குவது

மார்கழி பிறந்துவிட்டால் கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் உப்புத்தாள் கேட்டு வருபவர்கள் கூடிவிடுவார்கள். பொங்கலுக்குள் வெள்ளை அடித்தாக வேண்டும், கதவு சன்னலுக்கு வண்ணம் பூசியாக வேண்டும். ஒரு கதவைக் கையால் தேய்த்து முடிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் என்பதால், இதற்கு ஒரு மிஷின் வாங்கினால் என்ன என்ற யோசனை அப்போதுதான் வரும். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைப்பார். ஒன்று மல்ட்டி டூல். அது வெட்டும், சுரண்டும், தேய்க்கும். இன்னொன்று சாண்டர். தேய்ப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாதது. பல வேலை செய்வதை விட்டுவிட்டு ஒரே வேலை செய்வதை எதற்கு வாங்க வேண்டும் என்று கை தானாக மல்ட்டி டூல் பக்கம் போகும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெட்டுகிற வேலை இருந்தால் மல்ட்டி டூலை வாங்குங்கள். தேய்ப்பதற்கென்று மட்டும் அதை வாங்காதீர்கள். அதனோடு வரும் முக்கோணத் தேய்ப்புப் பட்டை ஒரு கொசுறு. கொசுறுக்காக யாரும் கறிகாய் வாங்குவதில்லை.

காரணம் அது அசையும் விதத்தில் இருக்கிறது. மல்ட்டி டூலின் முனை சுழலுவதில்லை. இடமும் வலமுமாக மிகச் சிறிய கோணத்தில், மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தாலும் மூன்று நான்கு டிகிரிக்குள், ஆடுகிறது. பெரும்பாலான மிஷின்களில் நிமிடத்துக்கு 8,000 முதல் 20,000 முறை வரை இந்த ஆட்டம் நடக்கும். முறிந்த எலும்புக்குப் போட்ட மாவுக்கட்டைத் தோல் கிழியாமல் வெட்டுவதற்கென்று ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் 1960-களில் செய்த கருவியின் வழியில் வந்தது இது. கெட்டியான மாவுக்கட்டு அசையாமல் நிற்பதால் வெட்டுப்படும். மெத்தென்ற தோல் பல்லோடு சேர்ந்து ஆடுவதால் தப்பித்துக்கொள்ளும். அந்தப் பிறப்புக் குணம் இன்றும் மாறவில்லை. ஒரு சிறு இடத்தில், பக்கத்தில் இருப்பதைக் காயப்படுத்தாமல், நேர்கோட்டில் வெட்டுவதற்கு இதைவிட நல்ல கருவி வீட்டு உபயோகத்தில் கிடையாது.

அதே ஆட்டம் தேய்ப்பதற்கு வரும்போது காலை வாரிவிடுகிறது. முக்கோணப் பட்டையின் நுனி வேகமாக ஆடும், அச்சுக்கு நேர் கீழே உள்ள பகுதி ஆடுவதே இல்லை என்று சொல்லலாம். ஆகவே தாளின் மூன்று முனைகள் சீக்கிரம் தேய்ந்து வழுக்கும், நடுப்பகுதி வாங்கியபடியே இருக்கும். தாளைத் திருப்பித் திருப்பி ஒட்டிக் கொஞ்சம் காலத்தை ஓட்டலாம். போகிற பாதையிலேயே போய்த் திரும்புவதால் மரத்தில் வில் போன்ற கீறல்கள் விழும். அழுத்திப் பிடித்தால் சூடேறிப் பழைய எனாமல் வண்ணம் உருகித் தாளில் பிசினாக அப்பிக்கொள்ளும். கையில் ஏறும் அதிர்வைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர் என்ற வட்டத் தட்டு சாண்டரில் இரண்டு அசைவுகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. தட்டு, மையம் சற்று விலகிய சிறு வட்டங்களாக ஓடுகிறது. அதே வேளையில் தன்னைத்தானே தளர்வாகச் சுற்றவும் செய்கிறது. ஒரு கீறலின் மேல் அதே திசையில் அடுத்த கீறல் விழாததால், மரத்தின் வரியோட்டத்துக்குக் குறுக்கே தேய்த்தாலும் பெரிய தடம் தெரியாது. இங்கும் ஒரு நிபந்தனை உண்டு. பலம் கொடுத்து அழுத்தினால் தட்டின் சுழற்சி நின்று, பன்றிவால் போன்ற சுருள் கீறல்கள் விழும். மிஷினின் எடையே போதும், கை அதை நடத்திக்கொண்டு போனால் சரி.

அளவையும் பாருங்கள். வழக்கமான 125 மில்லிமீட்டர் வட்டத் தட்டின் பரப்பு சுமார் 120 சதுர சென்டிமீட்டர். மல்ட்டி டூலின் முக்கோணம் சுமார் 40 சதுர சென்டிமீட்டர். ஏழடிக்கு மூன்றடிக் கதவின் ஒரு பக்கம் 21 சதுர அடி. சாண்டரை அதில் ஏறத்தாழ 160 இடங்களில் வைத்து எடுத்தால் முழுப் பரப்பும் ஒரு தடவை மூடப்படும். முக்கோணத்துக்கு 500 இடங்கள் வேண்டும். சொரசொரப்பில் இருந்து வழவழப்புக்கு 80, 120, 180 என்று மூன்று நம்பர் தாள்கள், இரண்டு பக்கம், இரட்டைக் கதவு என்று பெருக்கிக்கொண்டே போனால், பொங்கல் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும்.

இதையெல்லாம் கேட்ட பிறகு சாண்டரையே வாங்கிவிடலாம் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். உங்கள் வீட்டில் என்ன மரம், எந்த இடத்தில், எந்த நிலைமையில் இருக்கிறது என்று ஒரு முறை சுற்றி வந்து பாருங்கள்.

தஞ்சை மாவட்டத்துப் பழைய வீடு என்றால் பெரும்பாலும் இப்படி இருக்கும். வாசலில் திண்ணை, அதில் வழவழவென்று கடைந்த மரத்தூண்கள், சில வீடுகளில் வரிசையாக மரச்சட்டங்கள் அடித்த அழி. உள்ளே ரேழி, முற்றம், கூடத்தில் ஊஞ்சல். நிலையில் பூ வேலைப்பாடு, கதவில் பித்தளைக் குமிழ். இவற்றில் சாண்டர் முழு மகிழ்ச்சியோடு ஓடக்கூடிய இடம் என்று பார்த்தால் ஊஞ்சல் பலகை, கதவின் சமதளப் பலகைகள், பெட்டகம், மேசை ஆகியவைதான். தூண் வளைவாக இருப்பதால் தட்டையான எந்த மிஷினும் அங்கே பட்டை பட்டையாகத் தடம் போடும். துணி எமரியை நாடாவாகக் கிழித்து, தூணைச் சுற்றிப் போட்டு இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுப்பதுதான் அதற்கு வழி. பூ வேலைப்பாட்டில் மிஷினையே காட்டாதீர்கள். இதழின் விளிம்பு ஒரு நொடியில் மழுங்கிவிடும், அதை மறுபடி செதுக்க ஆள் தேடி அலைய வேண்டும்.

அழிச் சட்டங்களுக்கு நடுவே, கதவுப் பலகை சட்டத்தோடு சேரும் உள்மூலையில், சன்னல் கம்பி மரத்தில் இறங்கும் இடத்தில் வட்டத் தட்டு போகாது. மல்ட்டி டூலின் முக்கோண முனை போகும். அதன் தேய்ப்பு வேலைக்கு நியாயமான இடம் இதுதான். ஒரு வீட்டில் இப்படிப்பட்ட மூலைகள் எவ்வளவு இருக்கும்? கைவிரலில் மடித்த உப்புத்தாளோ, சிறு கட்டையில் சுற்றிய தாளோ போதும் என்கிற அளவில்தான் பெரும்பாலும் இருக்கும். நாற்பது சட்டம் உள்ள அழி இருந்தால் கணக்கு மாறும்.

டெல்டாவில் மரத்துக்கு வரும் உண்மையான நோய்கள் பெரும்பாலும் தேய்த்துத் தீர்வதில்லை. வெட்டித்தான் தீர்கின்றன. மல்ட்டி டூலுக்காக வாதாடுவதென்றால் இதைச் சொல்லித்தான் நான் வாதாடுவேன்.

முதலாவது, நிலைக்காலின் அடி. ஐப்பசி, கார்த்திகையில் வாசலில் தண்ணீர் நிற்கிற ஊர்களில் நிலையின் கீழ் அரையடி ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி உளுத்துப்போகும். மீதியைக் கறையான் பார்த்துக்கொள்ளும். மேலே எட்டடித் தேக்கு கல்லுப்போல இருக்க, கீழே ஒரு சாண் மட்டும் பஞ்சாகிவிடும். முழு நிலையையும் பெயர்த்தால் சுவரும் சேர்ந்து போகும். கெட்ட பகுதியை மட்டும் நேராக வெட்டி எடுத்து, அதே அளவில் புதுக்கட்டை செருகி ஒட்டுவதுதான் ஆசாரிகள் செய்யும் வழி. கைவாள் அங்கே ஓட இடமிருக்காது, பக்கத்தில் சுவர், கீழே தரை. மல்ட்டி டூலின் பல்லை மரத்துக்குள் நேராக இறக்கி வெட்டலாம். உள்ளே பழைய இரும்பு ஆணி இருந்தாலும், இரண்டு உலோகம் சேர்த்துச் செய்த பைமெட்டல் பல் அதையும் சேர்த்து அறுக்கும்.

இரண்டாவது, தரை உயர்வது. பழைய சிவப்பு ஆக்சைடு தரையை உடைக்காமல் அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டுவது இப்போது எல்லா ஊரிலும் நடக்கிறது. என்னைக் கேட்டால் அந்தத் தரையின் குளிர்ச்சியை விட்டுவிட்டு எதற்கு இந்த வழுக்கல் என்பேன், ஆனால் யாரும் என்னைக் கேட்பதில்லை. ஒட்டி முடித்ததும் கதவு தரையில் தட்டும். டைல்ஸ் நிலைக்கு அடியில் நுழைய முடியாமல் சுற்றி விகாரமாக வெட்டப்படும். ஒரு டைல்ஸ் துண்டைத் தரையில் வைத்து, அதன் மேல் மல்ட்டி டூலின் பல்லைப் படுக்கவைத்து நிலைக்காலின் அடியை அறுத்தால் டைல்ஸ் உள்ளே சறுக்கி நுழைந்துவிடும். கீல் இல்லாமல் மேலும் கீழும் குழியில் நின்று சுழலும் குடுமிக் கதவுள்ள வீடுகளில் இதன் அருமை இன்னும் தெரியும். கீல் கதவைக் கழற்றிக் கொண்டுபோய் வாசலில் வைத்து அறுக்கலாம். குடுமிக் கதவைக் கழற்றுவதே ஒரு நாள் வேலை.

இவை தவிர நாதாங்கிக்குப் பள்ளம், பூட்டுக்குத் துளை, பழைய புட்டிப் பூச்சைச் சுரண்டுதல், மின்பெட்டிக்கு பிளைவுட்டில் சதுர ஓட்டை என்று சில்லறை வேலைகள் வந்துகொண்டே இருக்கும்.

மழைக்காலத்தில் கதவு ஒட்டிக்கொள்வதை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. வேண்டுமென்றேதான். மரம் ஈரம் குடித்தால் வரியோட்டத்துக்குக் குறுக்கே உப்பும், நீளவாட்டில் அநேகமாக மாறாது. அதனால் பூட்டுப் பக்கத்து விளிம்பு நிலையில் உரசும். கார்த்திகையில் கோபம் வந்து சாண்டரையோ இழைப்புளியையோ எடுத்துத் தாராளமாகத் தேய்த்தால், பங்குனி வெயிலில் அதே இடத்தில் விரல் நுழையும் இடைவெளி தெரியும். உரசும் இடத்தில் மெழுகு தேய்த்துச் சமாளித்துவிட்டு, தை, மாசியில் கதவு உலர்ந்த பிறகு எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்வது நல்லது. உண்மையில் மரத்தைத் தேய்த்து மெருகேற்றும் வேலை முழுவதையுமே தைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மார்கழிப் பனியில் பூசிய பிரெஞ்சு பாலிஷும் லாக்கரும் ஈரம் பட்டு வெளுத்துப் புகைபோலப் படிவது இங்கே புதிதல்ல. பொங்கலுக்குக் கதவு பளபளக்க வேண்டும் என்ற ஆசைக்கும் மரத்தின் சௌகரியத்துக்கும் ஒத்துவருவதே இல்லை.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரை கடந்தபோது தென்னை மட்டும் விழவில்லை. பட்டுக்கோட்டை, மன்னார்குடி பக்கம் கொல்லையில் நின்ற தேக்கும் பலாவும் மாவும் சேர்ந்தே சாய்ந்தன. சாய்ந்த மரத்தை அறுத்துப் பலகையாக்கி அட்டத்தில் போட்டுவைத்தவர்கள் உண்டு. அப்படி அறுவை மில்லில் இருந்து வந்த சொரசொரப்பான பலகைகள் இருந்தால் மல்ட்டி டூலைப் பற்றிப் பேச்சே வேண்டாம். முதலில் இழைப்பு, பிறகு சாண்டர். பலகைகள் நிறைய இருந்தால், தாள் நாடாவாகச் சுற்றி ஓடும் பெல்ட் சாண்டரை வாடகைக்கு எடுத்து மேட்டைக் குறைத்துவிட்டு வட்டத் தட்டால் முடிக்கலாம். பெல்ட் சாண்டர் முரட்டு ஆள். ஓரிடத்தில் கொஞ்சம் நின்றாலும் பள்ளம் விழுந்துவிடும். முதல் தடவை வேண்டாத பலகையில் பழகிக்கொள்ளுங்கள்.

சாண்டர் என்று சொல்லும்போது நான் வட்டத் தட்டையே மனதில் வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். சதுரப் பட்டை உள்ள சாதாரண ஆர்பிட்டல் சாண்டர் என்று ஒன்று இருக்கிறது, சிறிய ஊரில் இருப்பவர்கள் அதை அலட்சியம் செய்யக் கூடாது. வேகத்தில் வட்டத் தட்டுக்குக் கீழேதான். விலை குறைவு. சதுரம் என்பதால் மூலைக்குக் கிட்டத்தட்டப் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடையில் விற்கும் சாதாரண உப்புத்தாளை நாலாக மடித்துக் கிழித்துக் கவ்விகளில் மாட்டினால் போதும். வட்டத் தட்டுக்குப் பின்புறம் ஒட்டும் துணி வைத்த, எட்டுத் துளை போட்ட தாள்தான் வேண்டும். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் அது கிடைக்கிறது. வலங்கைமானிலோ குத்தாலத்திலோ ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாள் தீர்ந்துபோனால் வேலை அங்கேயே நிற்கும். முக்கோணத் தாள் அதைவிட அபூர்வம், இணையத்தில் வரவழைக்க வேண்டியதுதான். மிஷினின் விலையைப் பார்க்கிற நாம் தாளின் விலையையும் அது எங்கே கிடைக்கும் என்பதையும் பார்ப்பதில்லை. மூன்று வருடத்தில் மிஷினுக்கு இணையாகத் தாளுக்கும் செலவழித்திருப்போம்.

தஞ்சாவூர் ஓவியம் செய்கிற வீடுகளுக்கும் இந்தச் சதுர சாண்டரைத்தான் சொல்வேன். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசி உலர்ந்த பிறகு அந்தத் தளத்தை வழவழப்பாக்க வேண்டும். மெல்லிய பூச்சு, சமதளம், மூலை வரை வர வேண்டும், வேகம் தேவையில்லை. கடைசிக் கை எப்படியும் வெறுங்கையால்தான்.

வேலைக்கு வரும் சில ஆசாரிகள் இந்த இரண்டுமே தேவையில்லை என்பார்கள். கிரைண்டரில் உப்புத்தாள் இதழ்கள் அடுக்கிய ஃப்ளாப் டிஸ்க் மாட்டி ஒரு மணி நேரத்தில் கதவை வெளுத்துக் காட்டுவார்கள். வெளுப்பது நிஜம். பாலிஷ் ஏறியதும் பிறை பிறையாகப் பள்ளம் தெரியும். பெயின்ட் பூசப்போகும் கொல்லைக் கதவுக்கு அது பரவாயில்லை. தேக்கில் வரி தெரிய மெருகேற்றப் போகிறீர்கள் என்றால் கிரைண்டரைப் பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

தூசு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய பச்சை, மஞ்சள், சிவப்பு எனாமல்களில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். தாத்தா காலத்துக் கதவில் ஐந்தாறு அடுக்காக அது உட்கார்ந்திருக்கும். அதை எந்த மிஷினால் உலர்வாகத் தேய்த்தாலும் பொடி கூடமெங்கும் பறக்கும். தரையில் தவழும் குழந்தை உள்ள வீட்டில் அது விளையாட்டல்ல. அப்படிப்பட்ட வண்ணத்தை பெயின்ட் ரிமூவர் பூசி இளக்கிச் சுரண்டி எடுங்கள், அல்லது வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துக் கையால் தேயுங்கள். மின்சார மிஷினையும் தண்ணீரையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வண்ணம் போன பிறகு வெறும் மரத்தில் சாண்டர் ஓட்டலாம். மரத்தூளும் சாதுவானது அல்ல. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. தேக்குத் தூள் சிலருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது, ஐஎஸ் 9473 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள முகக்கவசம் வாங்குங்கள்.

இந்த இடத்தில் சாண்டருக்கு ஒரு மதிப்பெண் கூடுகிறது. தட்டின் துளைகள் வழியாகத் தூசை இழுத்துப் பின்னால் உள்ள பையிலோ வாக்குவம் கிளீனர் குழாயிலோ தள்ளிவிடும். தாளின் துளையும் தட்டின் துளையும் நேராகப் பொருந்தினால்தான் இது நடக்கும். மல்ட்டி டூலில் பல மாடல்களுக்கு இந்த ஏற்பாடே இல்லை, இருப்பவற்றிலும் பேருக்குத்தான்.

மின்சாரம். கிராமத்தில் சாயங்காலம் ஓல்டேஜ் இறங்கும், மழைக்காலத்தில் சொல்லாமல் போகும். அதற்காக பேட்டரி மிஷினே வேண்டும் என்பவர்கள் மல்ட்டி டூலை பேட்டரியில் வாங்கலாம். அதன் வேலை இரண்டு நிமிடம் வெட்டு, ஐந்து நிமிடம் அளவு பார்ப்பது என்று விட்டு விட்டு நடப்பது. சாண்டர் நிற்காமல் ஓடும், பேட்டரியைக் குடித்துத் தீர்க்கும். வீட்டுக்கென்றால் ஒயர் வைத்த சாண்டரே கட்டுப்படியாகும்.

இனி யாருக்கு எது என்று கேட்டால் என் பதில் இப்படிப் போகும். பழைய வீட்டை மராமத்து செய்கிறவர், டைல்ஸ் போடப்போகிறவர், நிலை உளுத்தவர் மல்ட்டி டூலை வாங்கட்டும். தேய்ப்பதற்கு ஒரே ஒரு கதவோ ஊஞ்சலோ இருந்தால் சாண்டரை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளட்டும். டிரில்லும் கிரைண்டரும் வாடகைக்குத் தரும் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். புது வீடு, நிலையெல்லாம் நேராக இருக்கிறது, மேசை நாற்காலி கட்டில் மட்டும் மெருகிழந்திருக்கிறது என்றால் சாண்டர், அதிலும் கையில் காசு இருந்தால் வட்டத் தட்டு, இல்லையென்றால் சதுரம். வாடகை வீட்டில் இருப்பவர் எதையும் வாங்க வேண்டாம். வீட்டுக்காரரின் கதவை மெருகேற்றிக் கொடுத்தால் வாடகையை ஏற்றுவார்.

மல்ட்டி டூல் என்று முடிவானால், கடையை விட்டுக் கிளம்புமுன் பல் மாட்டும் முனையைப் பாருங்கள். போஷ், ஃபைன் இரண்டும் சேர்ந்து 2016-இல் கொண்டுவந்த ஸ்டார்லாக் என்ற அமைப்பில் பல்லைத் தட்டிப் பொருத்தினால் மாட்டிக்கொள்ளும், ஆனால் ஸ்டார்லாக் பல் எல்லா மிஷினிலும் ஏறாது. விலை மலிந்த மிஷின்கள் பலவற்றில் அல்லன் சாவியால் திருகும் பழைய முறைதான். இரண்டுமே வேலைக்கு ஆகும். அந்தக் கடையில் தொடர்ந்து கிடைக்கும் பல் எந்த அமைப்புக்கு ஏறும் என்று கேட்டு, அதற்கேற்ற மிஷினை எடுங்கள். பெட்டியோடு வரும் பல் இரண்டு நிலைக்கால் தாங்கினாலே அதிகம் என்பதால், மரத்துக்கும் ஆணிக்கும் சேர்த்து அறுக்கும் பைமெட்டல் பல் இரண்டைத் தனியாக வாங்கி வையுங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இல்லாத மாடல் வேண்டாம். முக்கோணப் பட்டையை மாட்டும் அபூர்வமான நாளில் வேகத்தைப் பாதிக்கு இறக்கினால்தான் வண்ணம் உருகாமல் உதிரும்.